பழைய வேனில் ஸ்டீரிங்கைத் திருப்பினால் மட்டும் ஹார்ன் அடிக்கிறது: கோளாறு எங்கே?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் உங்கள் பழைய நிஸான் வெனெட் வேனைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நேராக ஓடும்போது ஹார்னை அழுத்தினால் பெரும்பாலும் சத்தமே இல்லை. ஸ்டீரிங்கைக் கொஞ்சம் ஒடித்துக்கொண்டு அழுத்தினால் அடிக்கிறது. மழை நாளில் அதுவும் தொண்டை கட்டியதுபோல் கரகரக்கிறது. புது ஹார்ன் வாங்கி மாட்டிப் பார்த்தும் பலனில்லை. ஒர்க்‌ஷாப்பில் ஸ்டீரிங்கையும் முன்பக்க வயரிங்கையும் மொத்தமாக மாற்றச் சொல்கிறார்கள். அடுத்த மாதம் புஸ்பகோம் வாகனத் தகுதிச் சோதனை வேறு. இவ்வளவும் எழுதிவிட்டு, எந்த பிராண்டு ஹார்ன் வாங்கலாம் என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். ஆனால் உங்களுக்குத் தெரியவேண்டியது கரண்ட் எந்த இடத்தில் அறுந்துபோகிறது என்பதும், அதற்கு இவ்வளவு செலவு தேவையா என்பதும்தான். அதற்கே பதில் சொல்கிறேன்.

ஹார்னை மாற்றியும் அதே கோளாறு அப்படியே இருப்பதால், இந்தக் கோளாறுக்குக் காரணம் பழைய ஹார்ன் இல்லை. இது நிச்சயம். ஸ்டீரிங் திரும்பும் கோணத்தைப் பொறுத்துச் சத்தம் வருவதும் போவதுமாக இருந்தால், கோளாறு ஸ்டீரிங் பட்டனுக்கும் வண்டியின் பாடிக்கும் நடுவில் இருக்கிறது. இதுவும் ஏறக்குறைய நிச்சயம். முன்பக்கம் ஓடும் வயர்களுக்கு ஸ்டீரிங் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது தெரியாது. மழையில் கரகரப்பது இதோடு சேர்ந்த கோளாறா, தனிக் கோளாறா என்பதை மட்டும் வண்டியைப் பார்க்காமல் அறுதியிட முடியாது. தனிக் கோளாறாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஒரே நேரத்தில் இரண்டு கோளாறுகள் இருக்கும்போதுதான் ஒர்க்‌ஷாப்காரர்களும் குழம்பி, எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்கிறார்கள்.

முதலில் உங்கள் வேனில் ஹார்ன் எந்த முறையில் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பழைய வேன்களில் இரண்டு முறை உண்டு. ஒன்றில் ரிலே என்ற மின்சுவிட்ச் இருக்கும். பட்டனை அழுத்தினால் ரிலேயின் காயிலுக்கு எர்த் (பாடி இரும்பு வழியாக பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி) கிடைக்கும், ரிலே 'டக்' என்று இழுக்கும், அதன் வழியாக பேட்டரி கரண்ட் ஹார்னுக்குப் போகும். இந்த வகையில் ஹார்னுக்கு ஒரே வயர்தான் வரும். எர்த், ஹார்ன் மாட்டியிருக்கும் தகடு வழியாக பாடிக்குப் போய்விடும். மற்றதில் ரிலே கிடையாது. ஹார்னில் இரண்டு வயர் இருக்கும். ஒன்றில் பியூஸ் வழியாக எப்போதும் 12 வோல்ட் நிற்கும். இன்னொன்று நேராக ஸ்டீரிங் பட்டனுக்கு ஓடும். பட்டன் அதை எர்த்தில் சேர்த்தால் ஹார்ன் அடிக்கும். இந்த இரண்டாவது வகையில் ஹார்ன் இழுக்கும் கரண்ட் முழுவதும் ஸ்டீரிங்கில் இருக்கும் அந்தச் சின்னத் தொடுமுனை வழியாகத்தான் போயாகவேண்டும். ஒரு டிஸ்க் ஹார்ன் 3 முதல் 5 ஆம்பியர் வரை இழுக்கும். இரண்டு ஹார்ன் என்றால் 10 ஆம்பியர் வரைகூடப் போகும். ரிலே காயிலோ 0.2 ஆம்பியரைத் தாண்டாது. தொடுமுனை எதில் சீக்கிரம் கருகும் என்று சொல்லவேண்டியதில்லை. கம்பெனி எந்த முறையில் கட்டி அனுப்பியது என்பதை நம்பி இறங்காதீர்கள். இந்த வயது வேன்கள் பல கை மாறியிருக்கும். யாராவது ஒரு வயர்மேன் நடுவில் மாற்றிக் கட்டியிருக்கலாம். ஹார்னில் எத்தனை வயர் என்று கண்ணால் பார்ப்பதுதான் சரி.

வேண்டிய சாமான் குறைவு. சாதாரண மல்டிமீட்டர் ஒன்று. ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் மலிவானதே போதும். 5 வாட் பல்பு ஒன்றில் இரண்டு வயரைச் சாலிடர் வைத்து முதலைக் கிளிப் மாட்டிக்கொள்ளுங்கள். அதேபோல் பழைய எச்4 ஹெட்லைட் பல்பு ஒன்று. ஹெட்லைட் பல்பில் ஒரு இழை போய், இன்னொரு இழை நன்றாக இருக்கும்போது தூக்கிப் போட்டுவிடுவோம். அதை எறியாதீர்கள். 55 வாட் இழை ஏறக்குறைய 4.5 ஆம்பியர் இழுக்கும், அதாவது ஒரு ஹார்ன் இழுக்கும் அளவு. ஹார்னுக்குப் பதிலாக அதை வைத்துச் சோதித்தால் வயரின் உண்மையான நிலைமை தெரிந்துவிடும். கண்ணாடி நொடியில் சுடும். பிளாஸ்டிக் மீதோ இருக்கை மீதோ வைத்துவிடக்கூடாது.

மீட்டர் மட்டும் போதாதா என்று கேட்கலாம். போதாது; இந்த இடத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். வயருக்குள் இருக்கும் செம்பு இழைகள் எல்லாம் பச்சைபிடித்து அறுந்து, ஒரே ஓர் இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். மீட்டர் கரண்ட் எதையும் இழுப்பதில்லை, அதனால் அந்த ஓர் இழையே அதற்குத் தாராளம். ஹார்ன் 4 ஆம்பியர் கேட்கும்போதுதான் அந்த இழை தாங்காமல் வோல்ட் விழும். ஹார்ன் அடித்துக்கொண்டிருக்கும்போதே அளந்தால் என்ன என்றால், ஹார்னுக்குள் பாயின்ட் என்ற தொடுமுனை நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை திறந்து மூடுவதால் மீட்டரின் எண் ஓர் இடத்தில் நிற்காது. பல்பை எரியவிட்டு, அதன் இரு முனையிலும் மீட்டரை வைத்துப் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வரை இருக்கவேண்டும். பல்பின் முனையில் அதைவிட ஒரு வோல்ட் வரை குறைந்தால் பழைய வண்டிக்குப் பாதகமில்லை. இரண்டு, மூன்று வோல்ட் குறைந்தால் வழியில் எங்கோ அடைப்பு. அதன்பிறகு, ஒற்றை வயர் ஹார்ன் என்றால், மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை ஹார்ன் தகட்டிலும் வையுங்கள். பல்பின் எர்த் கிளிப் அதே தகட்டில் இருக்கவேண்டும், பல்பு எரிந்துகொண்டிருக்கவேண்டும். 0.3 வோல்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டிருக்கிறது.

வேலையை ஹார்னிலிருந்து தொடங்குங்கள். ஒற்றை வயர் ஹார்ன் என்றால், அந்த வயரைக் கழற்றிவிட்டு, நடுவில் 15 ஆம்பியர் பியூஸ் கோத்த ஒரு தனி வயரை பேட்டரி பாசிட்டிவிலிருந்து கொண்டுவந்து ஹார்னின் முனையில் ஒரு நொடி தொடுங்கள். முழுச் சத்தம் வந்தால் ஹார்னும் அதன் எர்த்தும் நலம். வராவிட்டால் ஹார்னின் உடம்பிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு இன்னொரு வயர் கொடுத்துவிட்டு மறுபடி தொடுங்கள். இப்போது அடித்தால் கோளாறு எர்த்தில். இரண்டு வயர் ஹார்ன் என்றால் இன்னும் எளிது: பட்டனுக்குப் போகும் வயர் இருக்கும் முனையைப் பாடியின் சுத்தமான இரும்பில் ஒரு வயரால் தொடுங்கள். அடித்தால் பியூஸ், வயர், ஹார்ன் எல்லாம் சரி. பிரச்சினை பட்டன் பக்கம். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிப்படி பார்த்தால், இந்தச் சோதனையில் ஹார்ன் அடிக்கத்தான் செய்யும்.

பியூஸ், ரிலே விஷயத்தில் உங்களுக்கு அதிக வேலை இருக்காது, ஏனென்றால் ஒரு கோணத்திலாவது ஹார்ன் அடிக்கிறது. இருந்தாலும் பியூஸைக் கழற்றி அதன் கால்களைப் பாருங்கள். கருத்தோ, பிளாஸ்டிக் உருகியோ இருந்தால் பிடிப்புத் தளர்ந்திருக்கிறது. ரிலே இருந்தால் அதே எண்ணுள்ள வேறொரு ரிலேயோடு மாற்றிப் பாருங்கள். 30, 85, 86, 87 என்று எண் போட்ட ரிலேயாக இருந்தால், அதைப் பிடுங்கிவிட்டு சாக்கெட்டில் 30-ஐயும் 87-ஐயும் ஒரு வயரால் இணைத்தால் ஹார்ன் அடிக்கவேண்டும். பல ஜப்பானிய ரிலேக்களில் எண் வேறு மாதிரி இருக்கும்; அப்போது மூடியில் அச்சிட்டிருக்கும் படத்தைப் பார்த்துவிட்டு இணையுங்கள், குத்துமதிப்பாக வேண்டாம். அடிக்கடி பியூஸ் போகிற வண்டிக்கு ஒரு குறிப்பு: ரிலே இல்லாத முறையில் பியூஸுக்கும் ஹார்னுக்கும் நடுவில் வயர் உரசினால் பியூஸ் போகும், ஹார்னுக்கும் பட்டனுக்கும் நடுவில் உரசினால் பியூஸ் போகாது, ஹார்ன் விடாமல் அலறும். எதைத் தேடுவது என்பது இதிலேயே பாதி தெரிந்துவிடும். 15 ஆம்பியர் பியூஸ் போகிறதே என்று 30 போடுவதும், சிகரெட் அட்டையின் ஈயத்தாளைச் சுற்றிச் செருகுவதும் வண்டியைக் கொளுத்துகிற வேலை. பிள்ளைகள் ஏறும் வண்டியில் அதை யார் செய்திருந்தாலும் இன்றைக்கே எடுத்துப் போடுங்கள்.

இனி ஸ்டீரிங். உங்கள் கோளாறு இருக்கும் இடம் பெரும்பாலும் இதுதான், அதனால் நிதானமாகப் பார்ப்போம். தொடங்குவதற்கு முன் ஓர் எச்சரிக்கை: ஸ்டீரிங் நடுவில் ஏர்பேக் இருக்கும் வண்டிக்கு இந்தப் பகுதி பொருந்தாது. அதில் கிளாக் ஸ்பிரிங் என்ற சுருள் பட்டை இருக்கும்; டெஸ்ட் பல்பு வைத்துச் சோதித்தால் ஏர்பேக் வெடிக்கக்கூடும். பேட்டரியைக் கழற்றிக் காத்திருந்து செய்கிற அந்த வேலையைத் தெரிந்தவரிடம் விடுங்கள். வெனெட், பழைய லைட்ஏஸ், எல்300 போன்ற, ஏர்பேக் இல்லாத வண்டிகளுக்குத்தான் நான் சொல்வது.

ஸ்டீரிங் சுழலும், அதைத் தாங்கும் காலம் (column) என்ற குழாய் சுழலாது. சுழல்கிற பக்கத்திலிருக்கும் பட்டனுக்கும் சுழலாத பக்கத்து வயருக்கும் இணைப்பு வேண்டும். அதற்கு ஒரு பித்தளை வளையமும், ஸ்பிரிங் தள்ளிப் பிடித்திருக்கும் ஒரு தொடுமுனையும் இருக்கும். முனை வளையத்தின்மேல் உரசிக்கொண்டே இருக்கும். பட்டனை அழுத்தினால் அந்த வளையம் ஸ்டீரிங்கின் நடு இரும்போடு சேரும். நடு இரும்பிலிருந்து ஸ்டீரிங் ராடு வழியாக பாடிக்கு எர்த் போகும். வண்டி பெரும்பாலும் நேராகத்தானே ஓடுகிறது? அதனால் வளையத்தில் ஒரே இடத்தில் முனை நின்று நின்று பள்ளம் விழும், கிரீஸ் காய்ந்து கருப்பாகப் படியும். நேராக இருக்கும்போது அடிக்காமல், கொஞ்சம் ஒடித்தால் முனை தேயாத இடத்துக்கு வந்து அடிக்கும். உங்கள் அறிகுறி இதோடு அச்சாகப் பொருந்துகிறது.

ஆனால் இதே அறிகுறியை இன்னொரு கோளாறும் தரும், அதைப் பலர் பார்ப்பதே இல்லை. ஸ்டீரிங் ராடு பாடியோடு நேரடியாக ஒட்டியிருக்கவேண்டும் என்பதில்லை. பல பழைய வேன்களில் ராடு பிளாஸ்டிக் புஷ்ஷுக்குள் சுழலும், கீழே ரப்பர் இணைப்பு ஒன்று இருக்கும். ரப்பரும் பிளாஸ்டிக்கும் கரண்டைக் கடத்தாது. அதனால் ரப்பரைத் தாண்டி ஒரு சின்ன எர்த் வயரையோ பின்னல் பட்டையையோ போட்டிருப்பார்கள். அது அறுந்தாலோ, ஸ்டீரிங் கியர்பாக்ஸில் வேலை பார்த்தவர் திருப்பி மாட்ட மறந்திருந்தாலோ, ஸ்டீரிங்குக்கு எர்த் இல்லை. ஸ்டீரிங்கை ஒடிக்கும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு இரும்பும் இரும்பும் தொட்டால் ஹார்ன் அடிக்கும். வளையம் புத்தம் புதிதாக இருந்தாலும் இந்தக் கோளாறு போகாது. ஸ்டீரிங்கை மொத்தமாக மாற்றச் சொன்னவர் இதைப் பார்க்காமல் சொல்லியிருந்தால், நீங்கள் காசைக் கொடுத்துவிட்டு அதே கோளாறோடு வீட்டுக்கு வருவீர்கள்.

இரண்டில் எது என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். ஸ்டீரிங் நடுவிலிருக்கும் ஹார்ன் மூடியைக் கழற்றுங்கள். சிலவற்றில் கையால் இழுத்தாலே வரும். சிலவற்றில் பின்பக்கம் ஸ்டீரிங் கம்பிகளின் அடியில் இரண்டு ஸ்குரூ இருக்கும். உள்ளே பெரிய நட்டு தெரியும். சக்கரம் நேராக இருக்கட்டும், ஹார்ன் அடிக்காத நிலையில் நிற்கட்டும். அந்த நட்டிலிருந்து பாடியின் பெயிண்ட் இல்லாத இரும்புக்கு ஒரு வயரைக் கொடுங்கள். கதவுக் கீலின் போல்ட் நல்ல இடம். இப்போது பட்டனின் இரண்டு தொடுமுனைகளையும் சேர்த்துப் பாருங்கள். அடித்தால் வளையம் நலம், ராடின் எர்த்தான் கோளாறு. அடிக்காவிட்டால், அதே வயரால் பட்டனுக்கு வரும் வயரின் முனையை நேராகப் பாடியில் தொடுங்கள். அதற்கும் அடிக்கவில்லை, ஆனால் ஸ்டீரிங்கை ஒடித்தால் அடிக்கிறது என்றால் கோளாறு வளையத்தில். நேராக இருக்கும்போதே முழுச் சத்தத்தில் அடித்தால் பட்டனின் தொடுமுனைதான் கருகியிருக்கிறது.

இன்னும் துல்லியமாகப் பார்க்க விரும்பினால், ரிலே சாக்கெட்டில் பட்டனுக்குப் போகும் ஓட்டைக்கும் பேட்டரி பாசிட்டிவுக்கும் நடுவில் 5 வாட் பல்பு ஒன்றை மாட்டுங்கள். ரிலே இல்லாத வண்டியில் ஹார்னிலிருந்து அந்த வயரைக் கழற்றி, அதே மாதிரி மாட்டலாம். ஒருவர் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டீரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெதுவாகத் திருப்பட்டும், இன்னொருவர் பல்பைப் பார்க்கட்டும். எந்தக் கோணத்தில் பல்பு மங்குகிறதோ, வளையத்தில் அந்த இடம்தான் கெட்டது. இதையே பட்டனை அழுத்தாமலும் ஒருமுறை செய்யுங்கள். ஏதாவது ஒரு கோணத்தில் தானாக எரிந்தால், முனையின் காப்பு தேய்ந்தோ, வயர் உரசியோ எர்த் ஆகிறது. முச்சந்தியில் திரும்பும்போது தானாக ஹார்ன் அடிக்கும் வண்டிகளுக்கு இதுதான் காரணம். பேட்டரியிலிருந்து வரும் வயரில் ஒரு பியூஸ் கோத்துக்கொள்ளுங்கள்.

வளையம்தான் கெட்டது என்று தெரிந்தால் ஸ்டீரிங்கைக் கழற்றியாகவேண்டும். முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ராடின் நுனியிலும் ஸ்டீரிங்கிலும் சேர்த்து பெயிண்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், திரும்ப மாட்டும்போது பல் மாறக்கூடாது. நட்டை முழுதாக எடுத்துவிடாமல் நாலைந்து மரை மிச்சம் விட்டுவிட்டு ஸ்டீரிங்கை ஆட்டி இழுங்கள். இல்லையென்றால் திடீரென்று விடுபட்டு முகத்தில் அடிக்கும். வராவிட்டால் புல்லர் கடன் வாங்குங்கள். ராடின் தலையில் சுத்தியலால் அடிக்காதீர்கள். அதிர்ச்சி உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பின்களை வெட்டிவிடும், பிறகு காலமே ஆட ஆரம்பிக்கும். பித்தளை வளையத்தை 400 நம்பர் எமரித்தாளால் பளபளப்பு வரும்வரை தேய்த்து, காண்டாக்ட் கிளீனர் அடித்துத் துடையுங்கள். தொடுமுனையை விரலால் அழுத்தினால் தாராளமாக உள்ளே போய் வெளியே வரவேண்டும். சிக்கினால் ஸ்பிரிங் துருப்பிடித்திருக்கிறது. மின் தொடுப்புக்கான கிரீஸ் கடுகளவு போதும். பேரிங்குக்குப் போடும் கிரீஸை அப்பினால் ஆறே மாதத்தில் தூசி சேர்ந்து பழைய நிலைக்குத் திரும்பிவிடும். முனை மொட்டையாகத் தேய்ந்திருந்தால் பொத்தோங் கடையில் (பழைய வண்டிகளை உடைத்து உதிரி விற்கும் கடை) அந்தத் துண்டு மட்டும் கேளுங்கள். வெனெட் அதிகம் ஓடிய நாடு இது, சாமான் கிடைக்கும். ஸ்டீரிங் நட்டைப் பழைய ஜப்பானிய வேன்களில் பொதுவாக 30 முதல் 40 நியூட்டன் மீட்டர் இறுக்கத்துக்கு முடுக்குவார்கள். இந்த நட்டை மட்டும் டார்க் ஸ்பேனர் வைத்திருப்பவர் கையால் முடுக்குவது நல்லது.

ராடின் எர்த்தான் கோளாறு என்றால் அறுந்த பட்டைக்குப் பதில் வளைந்து கொடுக்கும் பல இழை வயர் ஒன்றைப் போடுங்கள். ஸ்டீரிங் முழுதாகத் திரும்பும்போது இழுபடாத நீளம் வேண்டும், எதிலும் சுற்றிக்கொள்ளவும் கூடாது. கீழே குனிந்தபடியே ரப்பர் இணைப்பையும் பாருங்கள். வெடிப்போ, உப்பலோ, போல்ட் ஓட்டை அகன்றிருப்பதோ தெரிந்தால் ஹார்னை மறந்துவிட்டு முதலில் அதை மாற்றுங்கள். ஹார்ன் இல்லாமல்கூட வண்டியைத் திருப்பலாம்; அது அறுந்தால் திருப்ப முடியாது.

இப்போது மழைக்கு வருவோம். வேனுக்கு முன்னால் நீண்ட பானெட் இல்லை. ஹார்ன் முன் பம்பருக்குப் பின்னால், சக்கரம் அடிக்கும் சேற்றுக்கு நேராகக் கிடக்கும். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓடும் வண்டியில் அந்த மண் ஹார்ன் தகட்டைச் சுற்றி அப்பி, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். துரு போல்ட்டின் அடியில் பரவும். வெயில் நாளில் எப்படியோ எர்த் கிடைத்துவிடும், மழை நாளில் கிடைக்காது. இரண்டு வயர் ஹார்ன் என்றால் இதே கோளாறு சாக்கெட்டில் இருக்கும். தகட்டையும் அது உட்காரும் இடத்தையும் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, பல் வாஷர் போட்டு முடுக்குங்கள். அதன் மேல் கிரீஸோ பெயிண்டோ பூசுங்கள், அடியில் பூசக்கூடாது. இதோடு நிற்காமல், ஒற்றை வயர் ஹார்னாக இருந்தால் ஹார்ன் போல்ட்டிலிருந்து பாடியின் நல்ல எர்த் போல்ட்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் ஒன்றைத் தனியாக இழுத்துவிடுங்கள். சில வெள்ளிதான் செலவு, இந்தத் தொல்லை மறுபடி வராது. சாக்கெட்டுக்குள் பச்சைத் தூள் இருந்தால் அந்த வயரை வெட்டி, செம்பு பளிச்சென்று தெரியும் இடம்வரை பின்னால் போங்கள். பச்சை வெளியே தெரிவதைவிட உள்ளே தூரம் போயிருக்கும். முறுக்கிக் கருப்பு டேப் சுற்றிய இணைப்பு எதையும் விட்டுவைக்காதீர்கள். நம் ஊர்ச் சூட்டில் டேப்பின் பசை உருகி வழிந்துவிடும்.

நத்தை வடிவ ஹார்ன் என்றால் வாய் கீழ்நோக்கி இருக்கவேண்டும். உங்கள் புது ஹார்னை மாட்டியவர் அதன் வாயை மேல்பக்கமோ நேர் முன்பக்கமோ வைத்திருந்தால், மழையில் கரகரக்க அதுவே போதும். ஹார்னோடு வந்த வளையும் தகட்டிலேயே மாட்டுங்கள். தடித்த இரும்புத் துண்டில் விறைப்பாக முடுக்கினாலோ, ஹார்னின் உடம்பு பம்பரில் தொட்டுக்கொண்டிருந்தாலோ சத்தம் அமுங்கிப்போகும். வண்டி கழுவும்போது வாட்டர் ஜெட்டை அந்தப் பக்கம் காட்டாதீர்கள்.

பழைய ஹார்னை எறிந்துவிடாமல் வைத்திருந்தால், அதையும் ஒருமுறை பாருங்கள். டிஸ்க் ஹார்னின் பின்னால் பெயிண்டோ பசையோ பூசிய சின்ன ஸ்குரூ ஒன்று இருக்கும். உள்ளே இருக்கும் பாயின்டின் இடைவெளியை அதுதான் நிர்ணயிக்கிறது. நேராக பேட்டரியில் கொடுத்து, கால் சுற்று ஒரு பக்கம், அடிக்காவிட்டால் மறுபக்கம் என்று திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஓரிரு நொடிக்கு மேல் அடிக்கவிடாதீர்கள், காயில் சுடும். நடுவிலிருக்கும் பெரிய நட்டைத் தொடவே கூடாது. அது தகட்டின் இடைவெளியைப் பிடித்திருப்பது, ஒருமுறை கலைந்தால் வீட்டில் சரிசெய்ய முடியாது. ஸ்குரூவில் சத்தம் திரும்பி வந்தால் ஒரு சொட்டுப் பெயிண்ட் வைத்து மூடிவிடுங்கள். 'டக்' என்ற ஒரே சத்தம் மட்டும் வந்தால் பாயின்ட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த ஸ்குரூவில் சில சமயம் சரியாகும், சில சமயம் ஆகாது. உள்ளே தண்ணீர் குலுங்கும் சத்தம் கேட்டால் முயற்சியை விட்டுவிடுங்கள்.

உங்கள் கேள்விக்கே திரும்பினால், பிராண்டைவிட இரண்டு விஷயம் முக்கியம். ஹார்னின் உடம்பில் போட்டிருக்கும் ஆம்பியர் உங்கள் பியூஸுக்குள் அடங்கவேண்டும். ஜோடியாகப் போட்டால் ஒன்று தாழ்ந்த சுருதியாகவும் ஒன்று உயர்ந்த சுருதியாகவும் இருக்கவேண்டும். இரண்டும் ஒரே சுருதி என்றால் செம்பனைக் குலை லாரியின் இரைச்சலுக்குள் தனியாகக் கேட்காது. உங்கள் வண்டியில் ரிலே இல்லாவிட்டால், ஹார்னுக்குச் செலவழிக்க நினைத்த காசில் 4 கால் ரிலே ஒன்று வாங்கிப் போடச் சொல்வேன். பேட்டரி பாசிட்டிவிலிருந்து, ஒரு சாணுக்குள் 15 ஆம்பியர் பியூஸ் வைத்து, 30-க்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர். 87-இலிருந்து ஹார்னுக்கு அதே அளவு வயர். 86-க்குப் பழைய ஹார்ன் வயரின் 12 வோல்ட், 85-க்குப் பட்டனிலிருந்து வரும் வயர். ஹார்னின் மறுமுனை இப்போது எர்த்துக்குப் போகவேண்டும், இதை மறந்தால் அடிக்காது. சுத்தம் செய்த வளையமும் இதன்பிறகு நீண்ட நாள் உழைக்கும். டாஷ்போர்டில் தனிப் பட்டன் வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள். ஓரிரு நாள் அவசரத்துக்குச் சரி. பதறும் நேரத்தில் கை பழக்கமாகப் போகும் இடம் ஸ்டீரிங் நடுதான். தோட்டத்து வளைவில் மோட்டார் சைக்கிள் குறுக்கே வரும்போது பட்டனைத் தேட நேரமிருக்காது.

ஒர்க்‌ஷாப்பில்தான் செய்வேன் என்றாலும் பரவாயில்லை, மெக்கானிக்கிடம் போகாமல் வயர்மேனிடம் போங்கள். "ஹார்ன் சரியில்லை" என்று சொல்லாதீர்கள். "நேராக இருக்கும்போது அடிக்கவில்லை, ஒடித்தால் அடிக்கிறது, ஸ்டீரிங் நட்டுக்கு எர்த் கொடுத்துப் பார்த்தேன், இப்படி வந்தது" என்று சொல்லுங்கள். அதைக் கேட்ட பிறகு முன்பக்க வயரிங்கை மொத்தமாக மாற்றச் சொல்பவரிடம், எந்த வயரில் எத்தனை வோல்ட் விழுகிறது என்று காட்டச் சொல்லுங்கள். காட்ட முடிந்தால் மாற்றலாம். பழைய வண்டியில் வயரிங் முழுவதும் உளுத்துப்போவதும் நடக்கிற காரியம்தான். ஆனால் அப்போது ஹார்ன் மட்டும் தொல்லை தராது, ஹெட்லைட் மங்கும், சிக்னல் தாறுமாறாக அடிக்கும். நீங்கள் அவற்றைப் பற்றி எதுவும் எழுதவில்லை.

பள்ளி வேனுக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை சோதனை என்பதால், புஸ்பகோமுக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பே வேலையை முடித்துவிடுங்கள், நடுவில் ஒரு நல்ல மழையாவது பெய்யட்டும். பிறகு இன்ஜின் ஐடிலில் ஓட, ஹெட்லைட், வைப்பர், காற்றாடி மூன்றையும் போட்டுவிட்டு, ஸ்டீரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பிக்கொண்டே, ஹார்னை விட்டு விட்டு அழுத்துங்கள். எல்லாக் கோணத்திலும் ஒரே சத்தம் வரவேண்டும், அழுத்தாதபோது எந்தக் கோணத்திலும் தானாக அடிக்கக்கூடாது. அந்த நிலையில் சத்தம் இளைத்து, ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் மிதித்ததும் சரியானால் அடுத்துப் பார்க்கவேண்டியது பேட்டரி. வண்டி இரவு முழுக்க நின்றபின் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் அளந்து, 12.6 வோல்ட் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், 12.2-க்குக் கீழே என்றால் பேட்டரியையும் ஆல்டர்னேட்டர் பெல்ட்டையும் சோதிக்கக் கொடுங்கள்.